கழுத்து எம்ஆர்ஐயில் 10.3 மில்லிமீட்டர்: அறுவை சிகிச்சைக்கு அவசரப்பட வேண்டுமா?

இந்த வாரம் ஒரே ஒரு கடிதத்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கடிதம் நீளம், அதனால் பதிலும் நீளும். எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கடிதத்தின் சுருக்கம்

அவருக்கு 47 வயது. தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியை. வீடு சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம். ஒரு வருடமாகக் கழுத்து வலி இருக்கிறது. வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் அடிக்கடி மரத்துப்போகின்றன. பிப்ரவரியில் ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்தில் எம்ஆர்ஐ எடுத்தார். கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு இடையே மெத்தை போலிருக்கும் டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தைத் தொடுகிறது, அங்கே தண்டுவடம் இறங்கும் குழாயின் முன்பின் அளவு 11.4 மி.மீ., தண்டுவடத்தில் பாதிப்பைக் காட்டும் நிறமாற்றம் இல்லை என்று அறிக்கை வந்தது. ஜூன் மாதம் வேறோர் இடத்தில் மறுபடி எடுத்தார். அதே மட்டத்தில் 10.3 மி.மீ. என்று எழுதியிருந்தார்கள்.

13க்குக் கீழே போனால் குறுகல், 10க்குக் கீழே போனால் கடுமையான குறுகல் என்று இணையத்தில் படித்திருக்கிறார். நான்கு மாதத்தில் 1.1 மி.மீ. போய்விட்டது, இதே வேகத்தில் போனால் ஆகஸ்ட் 9 தேசிய தினத்துக்குள் 10க்குக் கீழே வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். சென்னையில் இருக்கும் அண்ணன், அதற்கு முன்பே அறுவை சிகிச்சை செய்துகொள் என்கிறாராம். மாமியார், கழுத்தைச் சொடுக்கிச் சரிசெய்யும் ஒருவரைத் தெரியும், கூட்டிப் போகிறேன் என்கிறாராம்.

அப்புறம் இன்னொரு விஷயம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் 22 வயது மகள், ஆரோக்கியமானவர்களின் தண்டுவடத்தையும் அதன் குழாயையும் எம்ஆர்ஐயில் அளந்து இயல்பு அளவுகளை வகுக்கும் ஓர் ஆய்வில் தொண்டூழியராகச் சேர விரும்புகிறாள். கதிர்வீச்சு படும், ஏதாவது கண்டுபிடித்துவிட்டால் அவள் காப்புறுதி, எதிர்காலம் எல்லாம் என்னாவது என்று அம்மா தடுத்து வைத்திருக்கிறார். கடைசியாக அவர் கேட்டிருக்கும் கேள்வியை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "வெள்ளைக்காரர்களை அளந்து வைத்த அளவைக் கொண்டு என்னை நோயாளி ஆக்குகிறார்களா டாக்டர்?"

அந்த 1.1 மில்லிமீட்டர் எங்கே போனது?

அன்புள்ள சகோதரி, நான் ஸ்கேன் படங்களைப் பார்க்கும் கதிரியக்க மருத்துவர், தினமும் உட்கார்ந்து இந்த அளவுக் கோடுகளைப் போடுகிற ஆள். அதனால் உங்கள் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் ஸ்கேன் படம் என் திரையில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பக்கவாட்டில் வெட்டிப் பார்த்த கழுத்து. நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கயிறு போலத் தண்டுவடம் இறங்குகிறது. அதன் இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தெரிவது அதைச் சுற்றியுள்ள திரவம். முன்னால் எலும்பும் டிஸ்க்கும், பின்னால் தசைநாரும் கருத்துத் தெரியும். முன்சுவரில் மவுஸை அழுத்தி, பின்சுவர் வரை இழுத்து, விடுகிறேன். ஓர் எண் வருகிறது. அந்தப் படம் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. வழக்கமான கழுத்து ஸ்கேனில் ஒரு கட்டமே அரை மில்லிமீட்டருக்குக் குறையாது. வெட்டு ஒவ்வொன்றும் 3 மி.மீ. தடிமன். கோட்டின் இரண்டு முனையிலும் ஒரு கட்டம் தள்ளி வைத்தால் போதும், ஒரு மில்லிமீட்டர் மாறிவிடும். ஒரே படத்தைத் திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் நானே அளந்து, 0.7 மி.மீ. வித்தியாசம் வந்து, எது சரி என்று மூன்றாம் முறை அளந்திருக்கிறேன்.

உங்கள் விஷயத்தில் அளந்தவர்கள் இரண்டு பேர், இயந்திரங்களும் இரண்டு. ஒருவர் டிஸ்க்கின் நடுவில் அளந்திருக்கலாம், மற்றவர் மிக நெருக்கமான இடத்தைத் தேடி அளந்திருக்கலாம். ஒருவர் எலும்புச் சுவர் வரை இழுத்திருப்பார், மற்றவர் வெள்ளைத் திரவம் முடியும் இடத்தோடு நிறுத்தியிருப்பார். இரண்டையும் அறிக்கையில் 'குழாயின் அளவு' என்றே எழுதுவது உண்டு. இரண்டாம் முறை தலையணை கொஞ்சம் தாழ்வாக இருந்து தலை பின்னால் சாய்ந்திருந்தால் அதுவும் சேரும். கழுத்தைப் பின்னால் சாய்க்கும்போது பின்புறத் தசைநார் மடிந்து உள்ளே வரும், குழாய் குறுகித் தெரியும். நிமிர்ந்தால் பழையபடி ஆகிவிடும்.

எலும்பால் ஆன குழாய் நான்கு மாதத்தில் சுருங்காது. டிஸ்க் பிதுக்கம் வேண்டுமானால் நான்கு மாதத்தில் மாறலாம். கூடவும் செய்யும், பல பேருக்குத் தானாகவே உள்வாங்கிக் குறையவும் செய்யும். ஆனால் அது மாறியதா என்பதை இரண்டு அறிக்கையின் எண்களைக் கழித்துப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒருவரே இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதனால் நிபுணரைப் பார்க்கப் போகும்போது அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள். இரண்டு நிலையங்களிலும் படங்களைக் கேட்டு வாங்கிக் கொண்டுபோங்கள்.

13ம் 10ம் எங்கிருந்து வந்தன?

நீங்கள் படித்த எண்கள் பொய்யில்லை. ஆனால் அவற்றுக்கு வயது அதிகம், பிறந்த இடமும் வேறு.

ஹெங்க் வெர்பீஸ்ட் என்ற டச்சு அறுவை மருத்துவர் 1954-ல் இடுப்புப் பகுதியில் குழாய் குறுகிக் கால்கள் தளரும் நோயை விவரித்தார். 10 மி.மீ.க்குக் கீழே முழுக் குறுகல், 10 முதல் 12 வரை ஓரளவு குறுகல் என்ற வரம்பு அவர் வழியாக வந்தது. அது இடுப்புக்கு. கழுத்துக்குச் சொல்லப்படும் 13ம் 10ம் பக்கவாட்டில் எடுத்த சாதாரண எக்ஸ்ரேயிலிருந்து வந்தவை. எக்ஸ்ரேயில் தெரிவது எலும்பு மட்டும். டிஸ்க், தசைநார், திரவம் எதுவும் தெரியாது. போதாக்குறைக்கு, ஆள் நிற்கும் தூரத்தைப் பொறுத்துப் படம் பெரிதாகித் தெரியும். எலும்பிலிருந்து எலும்பு வரை அளந்து வகுத்த வரம்பை, எம்ஆர்ஐயில் பிதுங்கிய டிஸ்க்கிலிருந்து தசைநார் வரை அளந்த எண்ணோடு ஒப்பிட்டால், பல பேர் நோயாளியாகத்தான் தெரிவார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்த எக்ஸ்ரே உருப்பெருக்கத் தொல்லையைத் தவிர்க்க 1987-ல் பாவ்லோவ், டோர்க் குழுவினர் ஒரு வழி சொன்னார்கள். குழாயின் அளவை அதே மட்டத்திலுள்ள எலும்பின் அளவால் வகுத்துப் பார்ப்பது. 0.8க்குக் கீழே வந்தால் குறுகல். நல்ல யோசனைதான். ஆனால் அமெரிக்கக் காற்பந்து வீரர்களை அளந்தபோது, குழாய் நன்றாகவே இருந்த பலருக்கும் விகிதம் 0.8க்குக் கீழே வந்தது. காரணம், அவர்களுக்கு எலும்பு பெரிது. வகுக்கும் எண் பெரிதானால் விடை சிறிதாகும் என்பது உங்கள் பிள்ளைகளுக்கே தெரியும்.

'இயல்பு' என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஆரோக்கியமானவர்கள் பலரை அளந்து, சராசரியிலிருந்து இரண்டு பக்கமும் குறிப்பிட்ட தூரம் வரை உள்ள 95 விழுக்காட்டினரை இயல்பு வரம்புக்குள் வைப்பது வழக்கம். அப்படியென்றால் நூற்றுக்கு இரண்டரை பேர், அதாவது நாற்பதில் ஒருவர், ஒரு நோயும் இல்லாமலே கீழ்வரம்புக்குக் கீழே இருப்பார். உங்கள் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்று வையுங்கள். உயரத்தில் கடைசியாக நிற்கும் பிள்ளையை நோயாளி என்று சொல்வீர்களா? அதிலும் ஒரு கழுத்தில் நாம் அளப்பது ஒன்றிரண்டு இல்லை. ஒவ்வொரு மட்டத்திலும் குழாய், தண்டுவடத்தின் முன்பின் அளவு, குறுக்களவு, பரப்பு என்று இருபது எண் எடுத்தால், அவை ஒன்றையொன்று சாராதவையாக இருக்கும்பட்சத்தில், ஏதாவது ஒன்றாவது வரம்புக்கு வெளியே விழும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபதுக்கு மேல்.

ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். இருபது வயதுக்காரர்கள் முதல் எழுபது வயதுக்காரர்கள் வரை. 87.6 விழுக்காட்டினருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே நான்கில் மூன்று பேருக்கு இருந்தது. தண்டுவடம் அழுந்தியிருந்தவர்கள் 5.3 விழுக்காடு. அவர்களெல்லாம் கழுத்தில் தொந்தரவில்லாமல் நடமாடிக்கொண்டிருந்த சாதாரண மனிதர்கள்.

இந்தியர்களுக்குத் தனி அளவா?

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. யாரை அளந்தார்களோ அவர்களுடைய இயல்பைத்தான் அந்த எண் சொல்லும். ஜப்பானியர்களின் குழாய் மேற்கத்தியர்களுடையதைவிடச் சராசரியில் சற்றுச் சிறிது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெண்களின் தண்டுவடம் ஆண்களுடையதைவிடச் சற்று மெல்லியது. வயதாக ஆக அது மிக மெதுவாகக் கொஞ்சம் குறையும். கழுத்தின் மேற்பகுதியில் வெட்டிப் பார்த்தால் அதன் பரப்பு ஏறத்தாழ 70 முதல் 80 சதுர மி.மீ. இருக்கும், சுண்டுவிரல் பருமன் என்று வையுங்கள்.

ஆனாலும் 'இந்தியன் அளவு' என்று ஒரே ஓர் எண் போட்டுவிட்டால் உங்கள் பிரச்சினை தீராது. உங்களையும் உங்கள் அண்ணனையும் அளந்தாலே வித்தியாசம் வரும். ஓர் இனத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாடு, இரண்டு இனங்களின் சராசரிக்கு இடையே இருப்பதைவிடப் பெரிது. அதைவிட முக்கியம், குழாயின் அளவைத் தனியாகப் பார்ப்பதில் பயன் குறைவு. மூவறை வீட்டில் இரண்டு பேர் வசதியாக இருப்பார்கள், அதே வீட்டில் எட்டுப் பேர் என்றால் மூச்சு முட்டும். 10.3 மி.மீ. குழாய்க்குள் இருக்கும் தண்டுவடம் எவ்வளவு, அதைச் சுற்றித் திரவம் மிச்சம் இருக்கிறதா, தண்டுவடம் தன் வடிவத்தில் இருக்கிறதா, அழுந்தித் தட்டையாகிவிட்டதா, உள்ளே வெள்ளையாக நிறமாற்றம் இருக்கிறதா என்றுதான் நாங்கள் பார்க்கிறோம். உங்கள் இரண்டு அறிக்கையிலும் டிஸ்க் தண்டுவடத்தைத் 'தொடுகிறது' என்று இருக்கிறது. முன்பக்கத் திரவம் மறைந்திருக்கிறது, பின்பக்கம் இருக்கிறது. வடிவம் மாறவில்லை, நிறமாற்றம் இல்லை. இந்த நான்கு வாக்கியமும் 10.3 என்ற எண்ணைவிட அதிகம் சொல்கின்றன. நீங்கள் அவற்றைக் கடிதத்தில் கடைசி வரியில் போட்டிருந்தீர்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வாக்கியம்

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், தூக்கம் சரியில்லை என்று சொல்ல வந்த இடத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "ராத்திரி இரண்டு மூன்று மணிக்குக் கை மரத்து எழுந்துவிடுகிறேன், கொஞ்ச நேரம் உதறினால் சரியாகிவிடுகிறது." அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போவதற்குக் கழுத்தில் ஆறாவது நரம்பு அழுந்துவது ஒரு காரணம். உங்கள் டிஸ்க் பிதுங்கியிருக்கும் இடத்தில் வெளியேறுவது அந்த நரம்புதான். ஆனால் மூன்று விரல் மரத்து, நள்ளிரவில் எழுப்பி, கையை உதறினால் குறைகிறது என்றால், மணிக்கட்டில் நடுநரம்பு அழுந்தும் கார்ப்பல் டனல் நோய்தான் முதலில் நினைவுக்கு வரும். நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களிடம் சாதாரணமாகக் காண்பது. நாள் முழுக்கப் பேனா பிடித்து ஏடு திருத்துகிற கை வேறு. நீரிழிவோ தைராய்டு குறைவோ இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது கார்ப்பல் டனல்தான் என்று கடிதத்தைப் படித்து நான் முடிவு கட்ட முடியாது. கழுத்து, மணிக்கட்டு இரண்டுமே இருக்கலாம். நரம்பு மின்னோட்டப் பரிசோதனை ஒன்று செய்தால் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடலாம். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை போட்டுச் சில வாரம் பார்ப்பது எளிமையான தொடக்கம். நினைத்துப் பாருங்கள் சகோதரி: மணிக்கட்டுப் பிரச்சினைக்காகக் கழுத்தைத் திறந்து அறுவை சிகிச்சை செய்து, அப்புறமும் விரல் மரத்தே இருந்தால்? அப்படி நடந்தவர்களின் படங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம்.

அறுவை சிகிச்சை: இப்போதா, பிறகா, வேண்டாமா?

வருமுன் காப்பது நல்லதுதானே என்கிறார் உங்கள் அண்ணன். அக்கறையில் சொல்கிறார். ஆனால் தண்டுவடம் பாதிக்கப்பட்டதற்கான அறிகுறி எதுவும் இல்லாதவருக்குப் படத்தைப் பார்த்து மட்டும் முன்கூட்டியே அறுவை செய்யப் பரிந்துரைப்பதில்லை என்று 2017-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. பாதிப்பு நடுத்தரமோ கடுமையோ என்றால் அறுவை சிகிச்சை. லேசானது என்றால் அறுவை, அல்லது மேற்பார்வையோடு பயிற்சிச் சிகிச்சை.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். செக் நாட்டில், தண்டுவடம் அழுந்தியும் அதற்கான அறிகுறி வராத 199 பேரைத் தொடர்ந்து கவனித்து 2008-ல் வெளியிட்டார்கள். முதலாண்டில் சுமார் 8 விழுக்காட்டினருக்கும், பல ஆண்டுகளில் மொத்தம் 22.6 விழுக்காட்டினருக்கும் அறிகுறி தொடங்கியது. கழுத்து நரம்பு வேர் அழுந்திக் கை வலியோ மரப்போ இருந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். அதனால்தான் உங்கள் விரல் மரப்பு கழுத்திலிருந்து வருகிறதா, மணிக்கட்டிலிருந்து வருகிறதா என்று தெரிந்துகொள்வது இவ்வளவு முக்கியம். கழுத்திலிருந்துதான் என்று உறுதியானால், அறுவை சிகிச்சை பற்றி நிபுணரிடம் பேசுவது நியாயமே. அல்லது நெருக்கமாகக் கவனித்துக்கொண்டே பயிற்சிச் சிகிச்சையைத் தொடரலாம். முன்பக்கமாகச் செய்யும் கழுத்து அறுவையில் விழுங்குவதில் சிரமம், குரல் கரகரப்பு, பின்னாளில் பக்கத்து டிஸ்க் தேய்வது போன்றவையும் உண்டு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

மாமியார் சொல்லும் கழுத்துச் சொடுக்கு மட்டும் கண்டிப்பாக வேண்டாம். டிஸ்க் தண்டுவடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது கழுத்தை வெடுக்கென்று திருப்புவது ஆபத்து. அவர் மனம் நோகாமல், டாக்டர் தடுத்துவிட்டார் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மில்லிமீட்டரை விட்டுவிட்டு உங்கள் கையையும் காலையும் கவனியுங்கள். மாதம் ஒருமுறை போதும்.

கையை முழுதாக மூடித் திறந்து பத்து விநாடியில் எத்தனை முறை முடிகிறது என்று எண்ணுங்கள். இருபது வரை வர வேண்டும். இரண்டு கையும் தனித்தனியாக. வீட்டுக்கு வெளியே தாழ்வாரத் தரையில் ஓடுகள் சேரும் கோட்டின்மேல், முன்னே வைக்கும் காலின் குதிகால் பின்காலின் விரல்நுனியைத் தொட, பத்து எட்டு நடந்து பாருங்கள். தள்ளாடுகிறதா? சேலை மடிப்பு எடுக்கும்போது, ரவிக்கைக் கொக்கி மாட்டும்போது, பணப்பையில் சில்லறை தேடும்போது விரல்கள் சொன்னபடி கேட்கின்றனவா? போன வருடம் திருத்திய ஏடு ஒன்று கிடைத்தால், அதில் உங்கள் சிவப்பு மையை இந்த மாதம் திருத்தியதோடு வைத்துப் பாருங்கள். கையெழுத்து சட்டென்று கோணலாகியிருந்தால் அது எனக்கு 10.3ஐவிடப் பெரிய செய்தி.

இரண்டு கையும் தடுமாறுவது, கால் கனத்து நடை மாறுவது, கழுத்தைக் குனிந்தால் முதுகு வழியாக மின்சாரம் பாய்வது போல இருப்பது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது: இதில் எது வந்தாலும் அடுத்த மருத்துவச் சந்திப்புத் தேதி வரை காத்திருக்காதீர்கள். திடீரென்று கை கால் பலம் குறைந்தாலோ சிறுநீர் நின்றுவிட்டாலோ நேரே அவசரப் பிரிவு.

இப்போதைக்கு உங்கள் வட்டாரப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தொடங்குங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு போனால் பொது மருத்துவமனை நிபுணரிடம் மானியக் கட்டணம் கிடைக்கும். இன்னொரு எம்ஆர்ஐக்கு இப்போது காசு செலவழிக்காதீர்கள். எடுக்க வேண்டி வந்தால், முடிந்தவரை முன்பு எடுத்த இரண்டு இடங்களில் ஒன்றிலேயே எடுங்கள்.

மகளின் விஷயம்

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்குகிறேன். எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இல்லை. காந்தமும் ரேடியோ அலையும்தான். உடலில் உலோகமோ இதய மின்கருவியோ இருக்கிறதா, கர்ப்பமா, மூடிய இடத்தில் பயமா என்று கேட்பார்கள். இத்தகைய அளவெடுப்புக்குப் பொதுவாக ஊசி மருந்தும் தேவைப்படாது. அரை மணி, முக்கால் மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

அவள் சேர நினைக்கும் வேலை நான் மனதார விரும்பும் வேலை. நல்ல இயல்பு அளவு எப்படிக் கிடைக்கிறது தெரியுமா? ஒவ்வொரு பத்து வயதுக்கும் ஆணும் பெண்ணுமாகப் போதுமான பேர் வேண்டும். எல்லாரையும் ஒரே முறையில் படமெடுக்க வேண்டும். இயந்திர நிறுவனம் மாறினாலும் அளவு மாறாதிருக்க, 'ஸ்பைன் ஜெனரிக்' என்ற பொதுவான படமெடுப்பு முறையைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து வகுத்திருக்கிறார்கள். மவுஸ் பிடித்த கை தரும் பிழையைக் குறைக்க, மான்ட்ரியாலில் உருவான 'ஸ்பைனல் கார்டு டூல்பாக்ஸ்' என்ற இலவச மென்பொருள் தண்டுவடத்தின் ஓரத்தைத் தானே வரைந்து, வெட்டு வெட்டாகப் பரப்பைக் கணக்கிடுகிறது. எந்த எலும்புக்கு நேராக அளக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். தண்டுவடம் முதுகெலும்பைவிடக் குட்டை, இடுப்பின் முதலிரண்டு எலும்புப் பக்கம் முடிந்துவிடும். அதனால் கீழே போகப் போக எலும்பு மட்டமும் நரம்பு மட்டமும் ஒத்துப்போகாது.

இதில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. 'ஆரோக்கியமானவர்' என்று யாரைச் சேர்ப்பது என்ற கேள்வி. டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியவர்களை எல்லாம் கழித்துவிட்டால் ஐம்பது வயதில் யாருமே மிஞ்ச மாட்டார்கள். அப்படிக் கழித்துக் கட்டிய அளவு, மனிதர்களின் இயல்பாக இருக்காது, சிலையின் இயல்பாக இருக்கும். அந்தச் சிலையோடு ஒப்பிட்டால் உங்களைப் போன்ற ஆசிரியைகள் எல்லாரும் நோயாளிகள்தான். உங்கள் மகளைப் போன்ற இளம் வயதினரும், முதுகு தேய்ந்தும் தொந்தரவில்லாமல் நடமாடும் தாத்தா பாட்டிகளும் அந்த இயந்திரத்துக்குள் படுத்தால்தான் இன்னும் சில ஆண்டுகளில் உங்களுக்குப் பொருத்தமான ஓர் எண்ணை அறிக்கையில் எழுத முடியும். உங்கள் கோபத்துக்கு என்னிடம் உள்ள நேர்மையான பதில் அதுதான்.

ஆனால் அவள் கண்ணைத் திறந்துகொண்டு சேர வேண்டும். 2015-ல் இயற்றிய மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டத்தின்கீழ் வரும் ஆய்வு என்றால், எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். எதிர்பாராமல் ஏதாவது தென்பட்டால் அவளுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு ஆய்வில் இருந்தால், தெரிந்துகொள்ள விரும்புகிறாளா என்பதையும் முன்பே கேட்க வேண்டும். கையெழுத்துப் போடுமுன் அவள் கேட்க வேண்டியவை: படங்களைக் கதிரியக்க மருத்துவர் யாராவது பார்ப்பாரா, அல்லது மென்பொருள் மட்டும் அளக்குமா? ஏதாவது தென்பட்டால் யார், எப்படிச் சொல்வார்கள்? மேற்கொண்டு பரிசோதனை தேவைப்பட்டால் செலவு யாருடையது? படங்களை வேறு ஆய்வாளர்களோடு பகிர்வார்களா?

காப்புறுதி பற்றிய உங்கள் பயம் கற்பனையில்லை. அரசின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப், குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் முன்பே உள்ள நோய்களையும் சேர்த்துக் காப்பு கொடுக்கும். அதில் சிக்கல் இல்லை. ஆனால் அதற்கு மேலே தனியார் நிறுவனத்தில் வாங்கும் ஒருங்கிணைந்த திட்டத்துக்கோ கடும்நோய்க் காப்புறுதிக்கோ விண்ணப்பிக்கும்போது உடல்நிலைக் கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். தெரிந்த ஒன்றை மறைத்தால் பிறகு கோரிக்கை நிராகரிக்கப்படலாம். மகளுக்கு அப்படி ஒரு திட்டம் வாங்கும் எண்ணம் இருந்தால், அதை முதலில் முடித்துவிட்டு ஆய்வில் சேர்வது தவறே இல்லை. அவளுக்கு 22 வயது. விவரங்களைச் சொல்லிவிட்டு முடிவை அவளிடம் விட்டுவிடுங்கள்.

நீங்களும் அந்த ஆய்வில் சேர்ந்து உங்கள் அளவைத் தெரிந்துகொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போது உங்களுக்குக் கழுத்து வலியும் விரல் மரப்பும் இருப்பதால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் மணிக்கட்டைப் பார்ப்போம். இந்த வாரம் பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது, ராத்திரி கை மரத்து எழுந்து உதறுகிறேன் என்ற அந்த வாக்கியத்தை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.